மூடிய குப்பைக் கிடங்கின் மீத்தேனை கம்போஸ்ட் படுக்கையால் குறைப்பது எப்படி?

மண் போட்டு மூடிய பிறகும் கிடங்கின் அடியில் காற்றுப் படாத குப்பை மக்கிக்கொண்டேதான் இருக்கும். பல பத்தாண்டுகளுக்கு மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் இது கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு வெப்பமேற்றும். புதிய கிடங்கில் குழாய் வைத்து உறிஞ்சி எரிக்கலாம். பழையதில் வரும் வாயு எரிக்கக்கூடப் போதாது. மண்மூடியை ஆங்காங்கே வெட்டி கம்போஸ்ட் படுக்கை போட்டால், அதிலுள்ள பாக்டீரியாவுக்கே அந்த வாயுவை இரையாக்கிவிடலாம், மோட்டார் தேவையில்லை.

1. கசியும் இடத்தைத் தேடுங்கள். பலரும் அவசரப்படுவது இங்கேதான். கையடக்க மீத்தேன் மீட்டருடன் கிடங்கு முழுக்கக் கட்டம் கட்டமாக நடக்க வேண்டும். சரிவுகள், விரிசல்கள், கசிவுநீர்க் கிணறுகள் (குப்பையிலிருந்து வடியும் நீரை எடுப்பவை), எதையும் விடாதீர்கள். டென்மார்க்கின் ஃபாக்ஸே கிடங்கில் பழைய மண்மூடியை வெட்டி, பத்து இடங்களில் கம்போஸ்ட் ‘ஜன்னல்கள்’ அமைத்தார்கள். வாயுவில் கணிசமான பகுதி ஜன்னல்களுக்கு வராமல் வேறு இடங்களில் தொடர்ந்து கசிந்ததால், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. பாக்டீரியா சரியாக இருந்தாலும் வாயு அதனிடம் போய்ச் சேர வேண்டுமே! அப்புறம், காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் வெடிக்கும். பீடி, தீப்பெட்டி எல்லாம் கேட்டுக்கு வெளியே.

2. வாயு கசியும் மற்ற வழிகளை அடைத்துவிடுங்கள். விரிசல்களைக் களிமண்ணால் மூடி, கிணறுகளுக்கு இறுக்கமான மூடி போடுங்கள்.

3. ஜல்லி பரப்புங்கள். ஜன்னலுக்காக வெட்டிய இடத்தில் சுமார் 30 செ.மீ. ஜல்லி போதும். கீழிருந்து வரும் வாயுவைப் பரப்பிவிடுவது இதுதான்.

4. மேலே சுமார் 1 மீட்டர் கம்போஸ்ட். நன்றாக மக்கியதாக இருக்கட்டும். அரைகுறையாக மக்கியது ஆக்சிஜனைத் தானே தின்றுவிடும். சில சமயம் மீத்தேனையும் உண்டாக்கும். பொடியாக இருந்தால் மரச்சிராய் கலந்துகொள்ளுங்கள், மேலிருந்து காற்று இறங்க வேண்டும். மேலே ஏறி மிதித்து இறுக்காதீர்கள். பாக்டீரியாவை விலைக்கு வாங்க வேண்டாம், மீத்தேன் கிடைக்கும் இடத்தில் தானே பெருகும்.

5. கண்காணியுங்கள். 25–35 டிகிரியில் பாக்டீரியா சுறுசுறுப்பாக இருக்கும். குளிரில் வேகம் குறையும், காய்ந்துபோனால் கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால் வெயில் காலத்தில் ஈரம் பாருங்கள், ஆனால் சொதசொதவென்று நனைக்காதீர்கள். ஒரே இடத்தில் மட்டும் மீட்டர் எகிறினால் அங்கே கம்போஸ்ட் இறங்கியிருக்கும் அல்லது பிளந்திருக்கும். கிளறி, புதிதாக நிரப்பிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.