வேலை போனதும் பண்ற தப்புங்க, முக்கியமா அந்த ஒரு கையெழுத்து

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பிஎஃப், ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பேப்பர் வேலை பாத்துக் குடுக்கறது என் தொழில். அதுக்கு முன்னாடி ஒரு ஃபேக்டரில பேரோல் செக்‌ஷன்ல இருந்தேன், ஆட்குறைப்புல வெளிய வந்தவன்தான் நானும். அதனால வேலை போன ஆளுங்க என் டேபிளுக்கு எதிர்ல வந்து உக்காரும்போது பாதி கதை அவங்க சொல்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். ரெஸ்யூம மாத்துங்க, செலவ குறைங்க, லிங்க்ட்இன்ல போடுங்கன்னு சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க, அத விட்டுடறேன். பணத்துல அடி விழுற தப்ப மட்டும் சொல்றேன்.

அந்த ரூம்ல உக்காந்து ரெசிக்னேஷன் எழுதிக் குடுக்கறது

இத நெனச்சாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். எத்தன பேருக்கு சொல்லியாச்சு, அடுத்த மாசமும் ஒருத்தர் அதே பேப்பரோட வந்து நிக்கறாரு.

எப்பவும் ஒரே மாதிரிதான் நடக்கும். சாயங்காலம் ஷிஃப்ட் முடியற நேரத்துல எச்ஆர் கூப்பிடுவாங்க. ஃபோன வெளியவே வச்சுட்டு வரச் சொல்லுவாங்க, தண்ணி பாட்டில், டிஷ்யூ எல்லாம் ரெடியா இருக்கும். "சார், கம்பெனி நிலைமை உங்களுக்கே தெரியும், நாங்களா டெர்மினேட் பண்ணா உங்க ரெக்கார்டு கெட்டுப்போயிடும், அடுத்த கம்பெனி பேக்கிரவுண்டு செக்ல மாட்டிக்கும், நீங்களே ரெசிக்னேஷன் குடுத்துட்டா மரியாதையா பேக்கேஜோட போயிடலாம்." எதிர்ல ப்ரிண்ட் எடுத்து வச்ச லெட்டர். "சொந்தக் காரணங்களுக்காக பணியிலிருந்து விலகுகிறேன்." கீழ கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கும்.

போன வருஷம் ஒரு தம்பி வந்தாப்ல, மெஷின் ஷாப், 8 வருஷ சர்வீஸ், சம்பளம் 32,000, அதுல பேசிக் 18,000. பேக்கேஜ் 1,45,000 குடுத்தாங்கண்ணேன்னு சந்தோஷமாதான் சொன்னாப்ல. சரி பிரிச்சுப் பாப்போம்னு பேப்பர்ல எழுதினேன். வேலை பாத்த கடைசி மாச சம்பளம் 32,000. மிச்சம் இருந்த 26 நாள் லீவுக்கு 18,000. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, பேசிக்க 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி 8 வருஷத்துக்குப் போட்டா 83,077. கூட்டினா 1,33,077. இதெல்லாம் அவனே ஏற்கனவே சம்பாதிச்சு வச்ச காசு, 5 வருஷம் தாண்டிட்டா ரெசிக்னேஷன் குடுத்தாலும் குடுக்கலன்னாலும் கிராஜுவிட்டி வந்தே தீரும். ஆக கம்பெனி புதுசா குடுத்தது 12,000 கூட இல்ல. அவன் ஜோப்புல இருந்தத எடுத்து அவன் கையிலயே குடுத்துட்டு கையெழுத்து வாங்கிட்டாங்க.

அந்தக் கையெழுத்துல என்ன போச்சுன்னா, கம்பெனியா ஆட்குறைப்பு பண்ணியிருந்தா ஒரு மாச நோட்டீஸ் இல்ல அதுக்கு பதிலா சம்பளம், அதுபோக முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு. இது 1947 தொழில் தகராறு சட்டத்துலயே இருந்தது, 2025 நவம்பர் 21ல இருந்து நடைமுறைக்கு வந்த புது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. 8 வருஷத்துக்கு 120 நாள், அதாவது 4 மாச சம்பளம், நோட்டீஸோட சேத்தா 5 மாசம், ஏறக்குறைய 1,60,000. புது சட்டத்துல இன்னொரு 15 நாள் சம்பளம் வேற, மறுதிறன் பயிற்சி நிதின்னு, 45 நாளுக்குள்ள ஆளோட அக்கவுண்ட்ல போடணும். "சொந்தக் காரணம்"னு எழுதிக் குடுத்தவனுக்கு இதுல எதுவும் கிடையாது, ஏன்னா அவனா போயிட்டான்.

ரெக்கார்டு கெட்டுப்போகும்னு சொல்றாங்களே, அதுவும் சுத்தப் பொய். ஒழுங்கு நடவடிக்கைல வேலைய விட்டு நீக்கறது வேற, ஆள் அதிகம்னு ஆட்குறைப்பு பண்றது வேற. ஆட்குறைப்புல ஆள் மேல ஒரு குத்தமும் இல்ல. "நீங்க எக்ஸிக்யூட்டிவ் கேடர், உங்களுக்கு லேபர் லா வராது"ன்னு அடுத்த கதை விடுவாங்க. ஐடி கார்டுல என்ன பேர் போட்டிருக்குங்கறது கணக்கு இல்ல, தினமும் கையில என்ன வேலை பாக்கறோம்ங்கறதுதான் கணக்கு. டிசைன் இன்ஜினியர்னு பேர், ஆனா அவருக்குக் கீழ ஒருத்தரும் இல்ல, லீவு சாங்ஷன் பண்ற அதிகாரம் கூட இல்ல, அவரு எப்படி மேனேஜ்மென்ட் ஆவாரு?

பேரோல்ல இருந்தவன்ங்கறதால இன்னொண்ணு சொல்றேன். மாசாமாசம் ஈஎஸ்ஐ ஃபைல் ஏத்தும்போது ஒரு ஆளுக்கு நாள் கணக்கு சைபர்னா காரணம் ஒரு நம்பர்ல போடணும். 2 போட்டா வேலைய விட்டுப் போனாரு, 10 போட்டா ஆட்குறைப்பு. உங்க லெட்டர் ஃபைல்ல இருந்தா பேரோல் பையன் கண்ண மூடிக்கிட்டு 2 அடிப்பான், அவனச் சொல்லிக் குத்தமில்ல. கம்பெனி மூடறதுலயோ ஆட்குறைப்புலயோ வேலை போனவங்களுக்கு ஈஎஸ்ஐல 2005ல இருந்து ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனான்னு ஒரு திட்டம் இருக்கு, மொத வருஷம் பாதி சம்பளம், ரெண்டாவது வருஷம் கால்வாசி. அந்த 2ங்கற ஒரு நம்பரால அந்தக் கதவும் சாத்திடும்.

அப்ப என்னதான் பண்றது? அந்த ரூம்ல எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க, அவ்ளோதான். சண்டையெல்லாம் வேணாம். "வீட்ல கலந்து பேசிட்டு சொல்றேன் சார், மெயில்ல அனுப்புங்க"ன்னு எழுந்து வந்துடுங்க. மெயில்ல அனுப்ப மாட்டாங்க, பாருங்க. ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா அன்னைக்கு ராத்திரியே சொந்த மெயில்ல இருந்து, இன்ன தேதி இன்ன ரூம்ல இன்னார் இருக்கும்போது வற்புறுத்தி வாங்கினாங்க, எனக்கு விருப்பமில்லன்னு நாலு வரி அனுப்புங்க. மூணு மாசம் கழிச்சு சொன்னா எவனும் நம்ப மாட்டான். அப்புறம் உங்க ஏரியா தொழிலாளர் உதவி ஆணையர்கிட்ட மனு. எந்த ஆபீஸ்னு தெரியலன்னா தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல தொழிலாளர் ஆணையர் ஆபீஸ்ல கேட்டா சொல்லுவாங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், ஆனா அவ்வளவு நாள் உக்காந்திருக்காதீங்க. வக்கீலுக்கு காசில்லன்னு பயப்படவும் வேணாம், 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்துல தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி உண்டுன்னு தனியாவே எழுதியிருக்கு, பெண்களுக்கும் உண்டு. நம்பர் 15100.

இன்னொண்ணு, தனித்தனியா கூப்பிடறதே ஆளுங்க ஒண்ணு சேரக்கூடாதுன்னுதான். மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022ல நின்னப்போ சட்டப்படி 15 நாள்தான, ஆனா யூனியன் மாசக்கணக்கா பேசினதுல பேச்சே வருஷத்துக்கு 100 நாள் சம்பளத்துக்கு மேலதான் ஓடிச்சு. யூனியன் இல்லன்னா கூட பக்கத்து மெஷின்காரனுக்கு ஒரு ஃபோனாவது போடலாம்ல.

கிராஜுவிட்டிக்கு 5 வருஷம் ஆகலன்னு விட்டுடறது

4 வருஷமும் 240 நாளும் ஆயிருந்தா போதும்னு சென்னை ஐகோர்ட் தீர்ப்பே இருக்கு. கேளுங்க.

பிஎஃப்ப மொத்தமா வழிச்சு எடுக்கறது

வேலை போன மறுநாளே "அண்ணே பிஎஃப் போட்ருங்க"ம்பாங்க. வாடகைக்கு வேணும்னா முக்கால்வாசி எடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அதோட 10சி ஃபார்மும் சேத்துப் போடச் சொல்றாங்க பாருங்க, அங்கதான் தப்பு. 10சிங்கறது பென்ஷன் கணக்குக்கான ஃபார்ம், அவங்க கேக்கறது அதுல இருக்கற பணத்த. மொத்தம் 10 வருஷம் சர்வீஸ் சேந்தா 58 வயசுல மாசாமாசம் பென்ஷன். கம்பெனி மாறினாலும் கணக்கு தொடரும். 8 வருஷத்துல 10சி போட்டு ஒரு தொகைய எடுத்தீங்கன்னா அந்த 8 வருஷமும் அழிஞ்சிடும், அடுத்த கம்பெனில மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணும். எடுக்காம ஸ்கீம் சர்டிஃபிகேட், அதாவது அந்த சர்வீஸ் கணக்க அப்படியே காப்பாத்தி வைக்கற சான்று, வாங்கி வைங்க.

5 வருஷத்துக்குள்ள எடுத்து தொகை 50,000 தாண்டினா வரி வேற புடிக்க வாய்ப்பிருக்கு. எடுக்காம விட்டா பணம் சும்மா கெடக்காது, 2024-25க்கு 8.25 சதவீதம் வட்டி. 2025 அக்டோபர்ல பிஎஃப் விதிய மாத்தறோம்னு அறிவிச்சதும் வாட்ஸப் ஃபார்வர்ட பாத்து பயந்து ஓடி வந்து எடுத்தவங்க நிறைய. பயந்து எடுத்த பணம் ரெண்டு மாசத்துல எங்க போச்சுன்னே தெரியாது.

ஈஎஸ்ஐல காசு வரும்னே தெரியாம இருக்கறது

21,000 வரைக்கும் சம்பளம் வாங்கி ஈஎஸ்ஐ புடிச்சிருந்தாங்கன்னா அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா பாருங்க. 2018 ஜூலைல வந்தது. ரெண்டு வருஷமாவது ஈஎஸ்ஐல இருந்திருக்கணும், சராசரி தினசரி சம்பளத்துல பாதி, 90 நாள் வரைக்கும், வாழ்நாள்ல ஒரே ஒரு தடவ. குறிப்பிட்ட காலத்துக்குன்னு நீட்டிச்சு நீட்டிச்சு ஓடற திட்டம், அதனால மொதல்ல பிராஞ்ச் ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுட்டு போடுங்க. ஆதாரும் பேங்க் அக்கவுண்டும் ஈஎஸ்ஐ நம்பரோட சேந்திருக்கான்னு வேலைல இருக்கும்போதே பாத்துக்கோங்க. பேர்ல ஒரு இனிஷியல் மாறியிருந்தாலும் அலைய விடுவாங்க.

வேலைவாய்ப்பு ஆபீஸ் உதவித்தொகைய நம்பி இருக்கறது

டிகிரிக்கு மாசம் 600 ரூபா, அதுவும் பதிஞ்சு 5 வருஷம் காத்திருந்தப்புறம். பதிவு பண்ணுங்க, நம்பாதீங்க. அந்த ஆபீஸ்ல வெள்ளிக்கிழமைல நடக்கற சின்ன வேலைவாய்ப்பு முகாமுக்கு மட்டும் போயிட்டு வாங்க.

மெடிக்ளைம்

கடைசி நாளோட கம்பெனி பாலிசி முடிஞ்சிடும். அதே இன்சூரன்ஸ் கம்பெனில தனிப் பாலிசியா மாத்திக்க வழி இருக்கு, ரிலீவ் ஆகறதுக்கு முன்னாடியே கேக்கணும். வீட்ல சர்க்கரை, பிபி உள்ளவங்க இருந்தா இத தள்ளிப் போடவே போடாதீங்க.

வீட்ல சொல்லாம டிபன் பாக்ஸோட கெளம்பறது

வேணாம். பேங்க்காரன் ஃபோன் பண்ணி வீட்ல சொல்லுவான்.

வேலைக்கு காசு கட்டறது

ட்ரெயினிங் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட், டெலிகிராம்ல ரேட்டிங் போட்டா காசுன்னு எந்த பேர்ல வந்தாலும் ஒண்ணுதான். காசு போயிடுச்சுன்னா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிங்க, மறுநாள் இல்ல. வெளிநாடுன்னா ஏஜென்ட்டுக்கு மத்திய அரசு லைசென்ஸ் இருக்கான்னு இ-மைக்ரேட் தளத்துல பாருங்க. தமிழ்நாடு அரசே 1978ல இருந்து கிண்டில ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் நடத்துது, மொதல்ல அங்க பாருங்க. தாய்லாந்துல டேட்டா என்ட்ரின்னு கூட்டிட்டுப் போயி மியான்மர்ல மோசடி கூடாரத்துல அடைச்சு வச்ச கதையெல்லாம் நம்ம ஊர் பசங்களுக்கு நடந்ததுதான்.

வந்த செட்டில்மென்ட்ட டீக்கடை ஃப்ரான்சைஸ்ல போடறது

மூணு மாசம் யார்கிட்டயாவது கல்லாவுல உக்காந்து பாத்துட்டு அப்புறம் போடுங்க. தொழில்தான்னு முடிவு பண்ணிட்டா முழுசா கைக்காச இறக்காம மாவட்ட தொழில் மையத்துக்குப் போங்க, வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டத்துல 15 லட்சம் வரை ப்ராஜெக்ட்டுக்கு 25 சதவீதம் மானியம். ஆனா மானியம் மொதல்லயே கைக்கு வராது, பேங்க்லயே கெடந்து கடைசில லோன்ல கழியும், அத நம்பி அட்வான்ஸ் குடுத்து மாட்டிக்காதீங்க.

பழைய வெண்டருக்கு ஃபோன் பண்ண கூச்சப்படறது

நான் பாத்த வரைக்கும் சீக்கிரமா மறுபடி காசு பாத்தவங்க ஜாப் போர்ட்டல்ல அப்ளை பண்ணிட்டு உக்காந்தவங்க இல்ல. ஸ்டோர்ஸ்ல இருந்த ஒரு அண்ணன், 46 வயசு, எந்த இன்டர்வியூவும் வரல. அவரு கம்பெனிக்கு நட்டு போல்ட்டு சப்ளை பண்ணின திருமுடிவாக்கம் ஆளுக்கு ஃபோன் போட்டாரு, வேலை கேக்கல, "உங்க ஸ்டாக்கும் பில்லும் எப்பவுமே ஒத்துப் போகாதே, மாசம் ரெண்டு நாள் வந்து சரி பண்ணித் தரவா"ன்னு கேட்டாரு. அந்த ஆளே பக்கத்து யூனிட்டுக்கும் சொல்லிவிட்டாரு. இப்ப மூணு சின்ன கம்பெனிக்கு ஸ்டாக் ஆடிட், இ-வே பில், ஜிஎஸ்டி பில் எல்லாம் அவருதான் பாக்கறாரு. பழைய சம்பளம் இன்னும் வரல, ஆனா வீட்டு வாடகையும் புள்ளைங்க ஃபீஸும் ஓடுது. குவாலிட்டில இருந்தவங்க இன்ஸ்பெக்‌ஷனுக்கு, மெயின்டனன்ஸ்ல இருந்தவங்க மெஷின் சர்வீஸுக்குன்னு இதே மாதிரி கேக்கலாம், உங்க கை வேலைய ஏற்கனவே பாத்தவன்கிட்ட சர்டிஃபிகேட் காட்ட வேண்டியதில்ல.

ஒண்ணு மட்டும், சின்ன யூனிட்காரங்க காச இழுப்பாங்க. மொத மாசமே பாதி அட்வான்ஸ் கேட்டு வாங்கிட்டு ஆரம்பிங்க, பேசினத வாட்ஸப்லயாவது எழுதி ஓகேன்னு வாங்கி வைங்க.