டிரம்மருக்கான இன்-இயர்: டிரைவர் எண்ணிக்கையை விடுங்கள், காது அச்சைப் பாருங்கள்

காதின் அச்செடுத்து அவரவர் காதுக்கென்றே செய்யும் மேடை இயர்போனான கஸ்டம் இன்-இயர் வாங்கக் கிளம்பும் டிரம்மர் முதலில் கேட்பது, உள்ளே எத்தனை டிரைவர் (குட்டி ஸ்பீக்கர்) என்றுதான். நான்கா, எட்டா, பன்னிரண்டா? கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. பாடுகிறவருக்கு இன்-இயர் தன் குரலைக் கேட்கும் வழி. டிரம்மருக்கோ அது முதலில் காதடைப்பான், அப்புறம்தான் ஸ்பீக்கர். கஸ்டம் இன்-இயர் தொழிலே டிரம்மரிடமிருந்து வளர்ந்ததுதான் என்றும் சொல்லலாம்: 1995-இல், மேடையில் கலைஞர்கள் கேட்கும் ஒலியைக் கவனிக்கும் மானிட்டர் இன்ஜினியர் ஜெர்ரி ஹார்வி, வான் ஹேலன் ராக் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செய்து கொடுத்த ஜோடியிலிருந்துதான் அல்டிமேட் இயர்ஸ் கம்பெனி பிறந்தது.

கணக்கைப் பாருங்கள். ஓங்கி வாசிக்கும்போது டிரம்மர் காதுக்கு 100 டெசிபலும் அதற்கு மேலும் சாதாரணமாக வரும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நயோஷ் (NIOSH) பரிந்துரைக்கும் வரம்பு, 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100-இல் 15 நிமிடம்தான். சரியாகப் பொருந்திய கஸ்டம் ஏறத்தாழ 20 முதல் 26 டெசிபல் வரை தடுக்கும். 105-இல் வாசித்தால் உள்ளே வருவது 80, 85-ஐ ஒட்டி நிற்கும். தாளம் காட்டும் க்ளிக் ஒலியையும் பேஸ் கிடாரையும் அதற்குச் சற்று மேலே வைத்தால் போதும். அடைப்பு 10 டெசிபல் கசிந்தால் என்ன ஆகும்? கை தானாக வால்யூமை 10 டெசிபல் ஏற்றும். காதைக் காக்க வாங்கியதே காதைக் கெடுக்கும்.

அதனால் மேடைச் சத்தமும் உள்ளே வரட்டும் என்று ஷெல்லில் (வெளிக்கூட்டில்) துளை விடும் மாடல் டிரம்மருக்கு வேண்டாம். கூட்டத்தின் சத்தம் வேண்டுமென்றால் மேடை ஓரத்தில் மைக் வைத்து மிக்ஸில் கொண்டுவரச் சொல்லுங்கள். டைனமிக் என்ற வகை டிரைவர் உள்ள சிலவற்றில் காற்றுப்போக்குக்குத் துளை இருக்கும். அந்தத் துளையால் சத்தத் தடுப்பு எத்தனை டெசிபல் குறைகிறது என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒரு காதில் மட்டும் போட்டு வாசிப்பது எல்லாவற்றையும்விட மோசம். திறந்த காது சிம்பலை நேரடியாக வாங்கும்; மூடிய காதில் வால்யூம் ஏறும்.

இனி அச்சு. பணம் வீணாவதும் பலன் தருவதும் இங்கேதான். அச்செடுக்க ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) போகும்போது, இது காது கேட்கும் கருவிக்கு அல்ல, மேடை மானிட்டருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் உள்ளே பார்த்து, அழுக்கு இருந்தால் எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நூல் கட்டிய பஞ்சு அடைப்பைக் காதுக்குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி வைப்பார். பிறகு பற்களுக்கிடையே கட்டை வைத்து, வாயைச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் திறந்தபடி நீங்கள் உட்கார, சிலிக்கான் கலவையை உள்ளே நிரப்புவார். இறுகும் வரை ஐந்து நிமிடம் போல, பேசாமல், விழுங்காமல், அசையாமல் இருக்க வேண்டும்.

வாய் ஏன் திறந்திருக்க வேண்டும்? தாடை மூட்டு நகரும்போது காதுக்குழாயின் வடிவம் மாறும். வாயை மூடி எடுத்த அச்சில் செய்தது, ஃபில் (தாளத்துக்கு நடுவே வரும் வேகமான அடி) அடிக்கும்போது நீங்கள் பல்லைக் கடித்து வாயைக் கோணும் அந்த நொடியில் கசியும். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) காணாமல் போகும்.

அச்சை வெளியே எடுத்ததும் அங்கேயே கையில் வாங்கிப் பாருங்கள். இரண்டு வளைவும் தெளிவாகத் தெரிய வேண்டும், இரண்டாவதைத் தாண்டியும் சில மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காது மடலின் மேல் மடிப்பு வரை நிரம்பியிருக்க வேண்டும். குழி, மடிப்பு, காற்றுக் குமிழ் இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்; தயங்க வேண்டாம். போன ஜோடிக்கு எடுத்த பழைய அச்சை அனுப்பாதீர்கள். உடல் எடை மாறினாலே காது மாறும்.

ஷெல்லுக்கு அக்ரிலிக் போதும், பழுது பார்ப்பதும் சுலபம். வாசித்துக்கொண்டே பாடுகிறவர் என்றால் தாடையோடு வளையும் சிலிக்கானை யோசிக்கலாம்.

ஒலியில் டிரம்மருக்கு வேண்டியது இரண்டு: கிக்கின் அடிப்பகுதி, அதாவது 50 முதல் 80 ஹெர்ட்ஸ், காதைக் குத்தாத மேல்பகுதி. பளிச்சென்ற மாடல் கடையில் நன்றாகத்தான் கேட்கும், இரண்டு மணி நேரம் சிம்பலோடு கேட்டால் காது சோர்ந்துவிடும். க்ளிக்குக்கும் கீச்சென்ற பீப்பைவிட மரக்கட்டைச் சத்தம் நல்லது. கிக்கை உடம்பில் உணர வேண்டுமா? ஸ்டூலுக்கு அடியில் அதிர்வு தரும் ஷேக்கர் பொருத்துங்கள், காதில் வால்யூமைக் குறைக்க முடியும்.

டிரம்மர் உட்கார்ந்தே வாசிப்பதால் வயர்லெஸ் தேவையில்லை. வயர் வைத்த ஹெட்போன் ஆம்ப் போதும், சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் கட்டாயம். ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு), இன்-இயருடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது: 16 ஓம் இன்-இயருக்கு 2 ஓம். அதிகமானால் பல டிரைவர் உள்ள மாடலில் ஒலியின் சாயலே மாறிவிடும்.

கேபிள் முதுகுப் பக்கம் இறங்கட்டும். சட்டைக் காலரில் கிளிப் போடுங்கள், கிளிப்புக்கும் காதுக்கும் இடையே தலை இருபுறமும் திரும்பும் அளவு தளர்வு விடுங்கள். ஹை-ஹேட் சிம்பல் பக்கம் திரும்பும்போது கேபிள் லேசாக இழுத்தாலே அடைப்பு விலகும்.

வந்து சேர்ந்ததும் 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சிறிய வால்யூமில் ஓடவிட்டு, வாயைத் திறந்து மூடுங்கள், தலையைத் திருப்புங்கள். ஒலி மங்கினால் கசிவு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் இடது வலது கேபிளை மாற்றிப் பாருங்கள். குறை அதே காதிலேயே நின்றால் கேபிள் குற்றமல்ல, பொருத்தமோ டிரைவரோதான். இலவசமாகத் திருத்திக் கொடுக்கும் கெடு பல இடங்களில் 30 நாள், அதற்குள் டிரம் செட்டில் உட்கார்ந்து ஒரு முழு நிகழ்ச்சி அளவுக்கு வாசித்துப் பார்த்துவிடுங்கள். வலிக்கும் இடத்தைப் படத்தில் குறித்து அனுப்புங்கள். நீங்களே தேய்க்க வேண்டாம்.

பிறகு ஒரு நாள் ஒரு பக்கம் சத்தம் குறைந்தால், டிரைவர் போய்விட்டது என்று பதறுமுன் ஒலி வரும் துளையைப் பாருங்கள்: பெரும்பாலும் காது அழுக்குதான். துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, கூடவே வந்த கம்பி வளையத்தால் எடுங்கள். திரவம் எதையும் துளைக்குள் விடாதீர்கள்.