காணாமல் போய்த் திரும்பி வந்த ஹார்ட் டிஸ்க்

என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் பெரிய ஃபைல் எதையாவது காப்பி செய்தால் பாதியில் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் டிரைவே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வரும். டிஸ்க் போய்விட்டது என்றுதான் கேட்டவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

முக்கியமானவற்றை முதலில் வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு, டிரைவ் தன் நிலையைத் தானே பதிவு செய்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். அதில் கெட்ட செக்டர்களை, அதாவது டிஸ்க்கில் பழுதான இடங்களைக் காட்டும் 5, 197 என்ற எண்கள் இரண்டுக்கும் நேரே பூஜ்யம்; கெட்ட செக்டர் எதுவும் பதிவாகவில்லை. 199-இல் மட்டும் எண்ணிக்கை எகிறியிருந்தது. அது சிஆர்சி பிழைக் கணக்கு: டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் வழியில் தரவு சிதைந்தால் கூடுவது. அப்படியென்றால் முதல் சந்தேகம் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள் மேல்தான்.

கம்ப்யூட்டரை அணைத்து, பவர் வயரைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். கேபிள் பக்கவாட்டு மூடியில் இடித்து நன்றாக மடங்கிக் கிடந்தது. முனையில் பிடிப்புக் கிளிப்பும் இல்லை, தொட்டாலே ஆடியது. கிளிப் உள்ள புதுக் கேபிளைப் போட்டேன். மதர்போர்டில் கேபிளைச் செருகும் போர்ட்டை வேண்டுமென்றே மாற்றவில்லை. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் குற்றவாளி எது என்று தெரியாமலே போய்விடும்.

199-இன் எண் பழையபடி பூஜ்யமாகாது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மேலே ஏறாமல் நின்றால் போதும். எனக்கு நின்றுவிட்டது. ஏறியிருந்தால் அடுத்துப் போர்ட்டையும், அதற்குப் பிறகு பவர் கனெக்டரையும் மாற்றிப் பார்த்திருப்பேன்.