இறுதிக்கால நோயாளரின் வீட்டுக்கு உதவிக்குப் போவது எப்படி? திருகோணமலையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

இறுதிக்கால நோயாளருக்கான விடுதி என்றதும் நம்மவர்களுக்கு மகரகம சாந்த செவனதான் நினைவுக்கு வரும். திருகோணமலையில் பெரும்பாலானோர் சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில்தான் கடைசி நாட்களைக் கழிக்கிறார்கள். ஆகவே தொண்டும் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது. அந்த வீட்டில் மிகவும் களைத்திருப்பவர் பல வேளைகளில் நோயாளரைவிட அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகளோதான். அவருக்கு வாரத்தில் இரண்டு மணி நேர ஓய்வைக் கொடுக்க முடிந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

1. யாரிடம் போவது

நேரே வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையில் நோயாளரைப் பார்க்கும் தாதியர், உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் நிர்வாகத்தினர் ஆகியோரில் ஒருவர் வழியாகப் போங்கள். குடும்பம் சம்மதித்த பிறகே முதல் வருகை.

2. எவ்வளவு முடியும் என்று முன்பே சொல்லுங்கள்

"எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்பது கேட்க நன்றாக இருக்கும், நடக்காது. "செவ்வாய்க்கிழமை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை வருவேன்" என்று சொல்லுங்கள். உவர்மலையில் இருந்துகொண்டு மூதூரில் ஒரு வீட்டைப் பொறுப்பேற்றால், மாரி மழையிலும் அந்தச் செவ்வாய்க்கிழமையைக் காப்பாற்ற முடியுமா என்று யோசியுங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீடு ஒன்றே போதும். நீங்கள் வராத நாளில் அந்த மகள் குளிக்காமல் காத்திருப்பாள்.

3. போனதும் என்ன செய்வது

முதலில் நோயாளரைப் பார்த்துக்கொள்பவரை ஓய்வுக்கு அனுப்புங்கள். குளிக்கட்டும், தூங்கட்டும், வங்கிக்குப் போய்வரட்டும். பிறகு கட்டிலுக்கு அருகில், நோயாளர் தலையைத் திருப்பாமலே உங்கள் முகத்தைப் பார்க்கும் இடத்தில் அமருங்கள். நின்றுகொண்டு பேசினால் புறப்படப்போகிறவரைப் போலத் தெரியும்.

வாய்ப் பராமரிப்பைத் தாதி ஒருவரிடம் ஒருமுறை பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உதடு வெடிக்கும், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தலையைச் சற்று உயர்த்தி ஒரு பக்கம் சாய்த்து வையுங்கள். சுத்தமான மென்துணியை நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, உதடு, கன்னத்தின் உட்புறம், நாக்கு என்ற வரிசையில் மெதுவாக ஒற்றி எடுங்கள். விழுங்க முடியாதவரின் வாயில் நீரை ஊற்றக் கூடாது, புரையேறும். தீர்த்தமோ ஸம்ஸம் நீரோ கொடுக்கக் குடும்பம் விரும்பினால், உதட்டை நனைத்தாலே போதும் என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

மூச்சுத் திணறினால் தாதிக்குத் தெரியப்படுத்துங்கள். அதுவரை முதுகைத் தாங்கி உயர்த்திவைத்து, பனையோலை விசிறியால் முகத்தில் மெல்லக் காற்று படும்படி வீசுங்கள். முகத்தில் படும் காற்று மூச்சுத்திணறல் உணர்வைத் தணிக்கும்; மின்சாரம் நின்றாலும் விசிறி நிற்காது. புரட்டிப் படுக்கவைக்கும்போது தனியாக இழுக்காதீர்கள், தோல் உரியும். இருவர் சேர்ந்து விரிப்போடு நகர்த்துங்கள்.

4. மருந்தில் கைவைக்காதீர்கள்

மோர்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று பயந்து, சில வீடுகளில் நோவு முற்றும் வரை மருந்தை ஒளித்து வைத்திருப்பார்கள். அந்தப் பயத்தை வைத்தியரிடம் பேசவையுங்கள். அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ உங்கள் வேலை இல்லை. எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், எப்போது மீண்டும் நொந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கிளினிக்கில் அந்தக் கொப்பிதான் பேசும். ஊர் மூலிகை, யாரோ சொன்ன அதிசய வைத்தியர் போன்ற கதைகளுக்கு அந்த வீட்டில் பஞ்சமே இல்லை. நீங்களும் ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

உணவும் அப்படித்தான். கடைசி நாட்களில் பசி குறைவது இயல்பு. "ஒரு வாய் கஞ்சி குடியுங்கள் அப்பா" என்று கெஞ்சும் மகனுக்கு அதைச் சொல்வது கடினம். ஆனாலும் சொல்ல வேண்டும். தாதியைக் கொண்டு சொல்வித்தால் இன்னும் நல்லது.

5. பேச்சு

"எல்லாம் சுகமாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். நோயின் பெயரையே குடும்பம் மறைத்திருக்கலாம். அதை உடைப்பதும் உங்கள் பொறுப்பில்லை. "தம்பி, நான் தப்புவேனா?" என்று கேட்டால், "உங்களுக்கு என்ன தோன்றுகிறது ஐயா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பெரும்பாலும் பதில் சாவைப் பற்றியதாக இருக்காது. வள்ளத்துக்கு வாங்கிய கடன், மணமாகாத மகள், பத்து வருடமாகப் பேசாத தம்பி என்று வேறு எங்கோ போகும். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் விடுதியைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல் நோவோடு இத்தகைய மனச்சுமைகளையும் சேர்த்தே வலி என்று கருதினார். கேட்டதை வெளியே கொண்டுபோகாதீர்கள். இது சிறிய ஊர். சந்தையில் சொன்னது மாலைக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

6. மரணத்துக்குப் பின்

சடங்குகள் குடும்பத்தாருடையவை. நீங்கள் கதிரை அடுக்கலாம், தேநீர் ஊற்றலாம். மிஞ்சிய மோர்ஃபினை வீட்டில் விட்டுவைக்காமல் வைத்தியசாலை மருந்தகத்திடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். இரவல் வாங்கிய சக்கர நாற்காலியையும் காற்று மெத்தையையும் அன்றே கேட்காதீர்கள். கூட்டம் கலைந்த பிறகு ஒருமுறை போங்கள்: இந்துக்களின் வீடானால் முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி முடிந்த வாரத்தில், கிண்ணியாவிலோ மூதூரிலோ கணவனை இழந்த முஸ்லிம் பெண் இத்தா என்னும் துக்க காலத்தில் வெளி ஆண்களைச் சந்திக்காமல் இருக்கும் வீடானால் பெண் தொண்டர் ஒருவர் போகட்டும். பொருட்களை அப்போது எடுத்துவரலாம்.