'விலகினார்' என்று எழுதும் முன்: ஆடவர் ஒற்றையர் டென்னிஸ் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் எங்கள் விளையாட்டுப் பிரிவில் சேர்ந்த பயிற்சி உதவி ஆசிரியர் ஒருவர், 2009 சென்னை ஓபன் பற்றிய கட்டுரை ஒன்றை என்னிடம் திருத்தக் கொடுத்தார். இந்திய வீரர் சோம்தேவ் தேவ்வர்மன் நான்கு பேரை வீழ்த்தி இறுதிப் போட்டிக்கு முன்னேறினார் என்று அதில் இருந்தது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, பழைய நாளிதழ் நறுக்கு ஒன்றைக் காட்டினார். அந்தச் செய்தியை எழுதியவன் நான்.

செட் கணக்கை மாற்றி எழுதுவது, நாட்டின் பெயரைத் தவறாகப் போடுவது போன்றவை இரண்டாம் முறை படித்தாலே கண்ணில் பட்டுவிடும். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, படித்தாலும் பிடிபடாத தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் 'விலகினார்' என்ற ஒரே சொல்

2009 ஜனவரியில் அந்த அரையிறுதி நடக்க வேண்டிய நாளில் நான் அலுவலகத்தில் இருந்தேன். வெளியூர்ப் பதிப்புக்குப் பக்கம் அனுப்பக் கால் மணி நேரம்கூட இல்லாத நிலையில், நுங்கம்பாக்கம் அரங்கிலிருந்து எங்கள் நிருபர் தொலைபேசியில் அழைத்து, "ஷட்லர் விலகிட்டார், சோம்தேவ் ஃபைனல்" என்றார். ஸ்கோர் என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஆட்டத்தின் பாதியில் விலகியதாக நானே எண்ணிக்கொண்டு, ரெய்னர் ஷட்லரை வீழ்த்தினார் சோம்தேவ் என்று தலைப்பு வைத்தேன். உண்மையில் ஷட்லர் காயம் காரணமாகக் களத்திலேயே இறங்கவில்லை. டிக்கெட் வாங்கிப் போய், அந்த ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிய வாசகர்கள் மறுநாள் காலையிலேயே அழைத்துக் கேட்டார்கள். அடுத்த நாள் திருத்தம் வெளியிட்டோம். ஆனால் நறுக்குகளைக் கத்தரித்து ஒட்டுபவர்கள் திருத்தத்தைச் சேர்த்து ஒட்டுவதில்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்து அதே பிழை இன்னொருவர் கட்டுரையில் ஏறி என் மேசைக்கே வந்து சேர்ந்தது. இது இன்றும் என்னை உறுத்துகிறது.

டென்னிஸில் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் நான்கு நிலைகளைத் தமிழில் நாம் இந்த ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். ஒரு வீரர் தமது முதல் ஆட்டத்துக்கு முன்பே விலகினால், தகுதிச்சுற்றில் தோற்றவர்களில் ஒருவர் 'லக்கி லூசர்' என்ற பெயரில் அந்த இடத்துக்கு வருவார். இப்படி வந்தவர்களை ஒப்புக்கு ஆடுபவர்களாக எழுதிவிடக் கூடாது, ஏனெனில் 2017-ல் உமாக் போட்டியில் லக்கி லூசராக நுழைந்த ஆந்த்ரே ருப்லெவ் பட்டத்தையே வென்றார். போட்டி தொடங்கிய பின், அடுத்த ஆட்டத்தில் ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் வீரர் ஒதுங்கினால் அது வாக்ஓவர். எதிராளி அடுத்த சுற்றுக்குப் போவார், அந்தச் சுற்றுக்குரிய தரவரிசைப் புள்ளிகளும் அவருக்குக் கிடைக்கும். ஆனால் வெற்றி தோல்விக் கணக்கிலோ இருவரும் நேருக்கு நேர் மோதிய கணக்கிலோ அது சேராது. 2022 விம்பிள்டன் அரையிறுதிக்கு முன் நடால் வயிற்றுத் தசைக் காயத்தால் ஒதுங்க, கிர்கியோஸ் இறுதிக்குச் சென்றது இப்படித்தான்.

ஆட்டம் தொடங்கிய பின் பாதியில் நிறுத்திக்கொள்வது வேறு. 2025 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் முதல் செட்டை டைபிரேக்கரில் (6-6 என்ற சமநிலையில் செட்டை முடிவு செய்யும் ஆட்டம்) இழந்ததும் ஜோகோவிச் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். அது ஸ்வெரேவுக்கு முழுமையான வெற்றியாகவே பதிவானது. நான்காவது தகுதி நீக்கம். 2020 யு.எஸ். ஓபனில் ஜோகோவிச் அடித்த பந்து கோட்டு நடுவர் மீது பட்டதால் அவர் வெளியேற்றப்பட்டபோது, அந்தப் போட்டியில் ஈட்டிய புள்ளிகளையும் இழந்தார். அவர் தாமாக எதிலிருந்தும் விலகவில்லை.

எனவே பயிற்சி உதவி ஆசிரியர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, ஸ்கோர் இருக்கிறதா என்பதுதான். ஸ்கோர் இல்லை என்றால் 'களமிறங்கவில்லை' என்றும், பாதி ஸ்கோர் இருந்தால் 'ஆட்டத்தின் நடுவே வெளியேறினார்' என்றும், நடுவர் முடித்துவைத்திருந்தால் 'தகுதி நீக்கம் செய்யப்பட்டார்' என்றும் எழுதுங்கள். வாக்ஓவருக்கு 'வீழ்த்தினார்' வேண்டவே வேண்டாம். சோம்தேவ் பிரியாடையும், முன்பு இருமுறை சென்னையில் பட்டம் வென்ற மோயாவையும், கார்லோவிச்சையும் வென்று, மூன்று வெற்றிகளோடு இறுதிக்கு வந்தார்; சிலிச்சிடம் 6-4, 7-6 என்று தோற்றார். மூன்று என்பதே அவருக்குப் போதிய பெருமை. நான்காவதை நான் சேர்த்திருக்க வேண்டியதில்லை.

தரவரிசையும் போட்டித் தரநிலையும்

2008-ல் சென்னைக்கு வந்த நடால் உலகத் தரவரிசையில் 2-ம் இடத்தில் இருந்தார். அந்தப் போட்டியில் அவருக்கு முதல் தரநிலை (சீடிங்), அதாவது அங்கே ஆட வந்தவர்களை மட்டும் வரிசைப்படுத்தித் தரும் இடம். இரண்டு எண்களும் சரி, எது எந்த எண் என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு.

பை பெற்றவர் 'இரண்டாம் சுற்றில் தோற்றார்'

28 பேர் ஆடும் 250 புள்ளிப் போட்டிகளில் (பட்டம் வென்றவருக்கு 250 தரவரிசைப் புள்ளிகள்) முதல் நான்கு தரநிலை வீரர்கள் முதல் சுற்று ஆடாமல் நேரடியாக இரண்டாம் சுற்றில் ஆடுவார்கள்; இதுதான் 'பை'. அங்கே தோற்றால் அவர்களுக்கு முதல் சுற்றில் தோற்றவருக்குரிய புள்ளியே, அதாவது பூஜ்ஜியமே கிடைக்கும். இரண்டாம் சுற்றுப் புள்ளிகளைக் கூட்டி, அடுத்த வாரத் தரவரிசையைக் கணித்து எழுதிவிடாதீர்கள்.

'250' என்ற பெயர்

இந்தப் பெயர் 2009-ல்தான் வந்தது. 2008 சென்னைப் போட்டிக்கு அதை ஒட்டாதீர்கள்.

எந்தச் சென்னை ஓபன்?

ஏ.டி.பி. (ஆடவர் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) போட்டி சென்னையில் 1997 முதல் 2017 வரை நடந்து, 2018-ல் புனேவுக்குப் போனது. 2022-ல் நடந்தது மகளிர் போட்டி.

இறுதிப் போட்டியை மட்டும் பார்ப்பது

2008 சென்னை ஓபன் இறுதிப் போட்டியில் யூஷ்னி நடாலை 6-0, 6-1 என்று வென்றார். ஸ்கோரை மட்டும் பார்த்த ஒருவர், நடால் அலட்சியமாக ஆடினார் என்று எழுதிக் கொடுத்தார். முந்தைய நாள் அரையிறுதியில் நடாலும் மோயாவும் மூன்று செட்களையும் டைபிரேக்கர் வரை இழுத்து, 3 மணி 54 நிமிடம் ஆடியிருந்தார்கள். அந்த வரியை நான் அடித்துவிட்டு, அரையிறுதியின் நேரத்தை அதே இடத்தில் எழுதினேன்.