அந்த உபரி 'இட்'டை விட்ட கதை

'தி ஃபைல் விச் ஐ சென்ட் இட் யெஸ்டர்டே.' மின்னஞ்சலில் பல வருடம் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த 'இட்' தேவையில்லை என்று உடன் வேலை பார்ப்பவர் சொன்ன பிறகும் கை தானாக அதை எழுதிவிடும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வோம் என்று யோசித்தேன். 'நான் நேற்று அனுப்பிய ஃபைல்' என்போம். 'அதை நான் அனுப்பிய ஃபைல்' என்று யாரும் சொல்வதில்லை. அனுப்பப்பட்ட பொருள் வெளியே வந்து நிற்கிறது, உள்ளே அதன் இடம் காலி. ஆங்கிலத்திலும் அதே கதைதான்; 'இட்'டின் வேலையை 'விச்' ஏற்கெனவே செய்துவிட்டது.

அதிலிருந்து, எழுதி முடித்ததும் வினைச்சொல்லுக்குப் பின்னால் 'இட்', 'ஹிம்' ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் 'விச்'சையே விட்டுவிடப் பழகினேன்: 'தி ஃபைல் ஐ சென்ட்'. பேச்சில் இதுதான் இயல்பு. ஆனால் 'தி மேன் ஹூ கால்ட் மீ' என்பதில் 'ஹூ' எழுவாய், அதை விட முடியாது. உற்சாகத்தில் அதையும் வெட்டி ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலம் தாய்மொழியானவர்களே வாக்கியம் சிக்கலாகும்போது 'எ கை ஹூ ஐ டோன்ட் நோ வேர் ஹி லிவ்ஸ்' என்று, என் 'இட்' மாதிரியே ஒரு 'ஹி'யைச் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள்.