இருவர் கேட்டாலும் ஒரே நோயறிதல் வருகிறதா? கப்பா போட்டுப் பார்ப்பது எப்படி

மனச்சோர்வு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரியாது. கேள்வியும் பதிலும்தான். 'மினி', 'ஸ்கிட்' போன்ற, மனநோயைக் கண்டறிய உதவும் கட்டமைக்கப்பட்ட நேர்காணல்களில் கேள்விகள் எழுதியே இருந்தாலும், 'ஆமாம்' எதற்குப் போடுவது என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். அது எவ்வளவு என்று காட்டுவதுதான் ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கப்பா என்ற எண். படிவம் நிரப்ப உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒருவருக்கு ஒரு வரி. இரு மதிப்பீட்டாளர்களின் முடிவுக்கும் தனித்தனி நெடுவரிசை. உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0.

படி 2: காலிக் கட்டங்களைப் பாருங்கள். மினியில் மனச்சோர்வுக்கான முதல் இரு கேள்விகளுக்கும் 'இல்லை' என்றால் அந்தப் பகுதியையே தாண்டிவிடுவோம். அப்படி விட்ட கட்டம் 0; கேட்க மறந்துபோனது வேறு, அதுதான் உண்மையான காலி. 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளின் கப்பா2 கட்டளை, காலி உள்ள வரியைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும்.

படி 3: கணக்கு. இங்கேதான் நிதானம் வேண்டும். 50 பேரில் இருவரும் 'உண்டு' என்றது 20, இருவரும் 'இல்லை' என்றது 20, முரண் 5+5. ஒத்துப்போனது 0.80. இருவருமே பாதிப் பேருக்கு 'உண்டு' போட்டிருப்பதால், சும்மா குத்துமதிப்பாகப் போட்டாலே தற்செயலாக 0.50 ஒத்துப்போகும். கப்பா = (0.80 − 0.50) ÷ (1 − 0.50) = 0.60.

இப்போது அரிதான நோய்: அதே 50 பேரில் இருவரும் 'உண்டு' என்றது 2, 'இல்லை' என்றது 42, முரண் 3+3. ஒத்துப்போனது 0.88, முன்னதைவிட அதிகம். ஆனால் தற்செயல் 0.82. கப்பா 0.33தான்! கணக்கு தப்பில்லை, நோய் அரிதானால் இப்படித்தான் இறங்கும். அதனால் கப்பாவை மட்டும் போடாமல் அட்டவணையின் நான்கு எண்களையும் (இருவரும் 'உண்டு', இருவரும் 'இல்லை', இரு முரண்கள்) அறிக்கையில் கொடுங்கள்.

இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்குக் கால்குலேட்டரே போதும். காசு கொடுத்து எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளை வாங்குவது வீண்.

பிற்சேர்க்கை: "எங்களுக்கு 0.9 வந்தது, டிஎஸ்எம்-5 களச் சோதனையில் மனச்சோர்வுக்கு 0.28தானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். டிஎஸ்எம்-5 என்பது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு. கேள்வி கேட்டவரின் குழுவினர் ஒரே நேர்காணலின் ஒலிப்பதிவைக் கேட்டு இருவராக மதிப்பிட்டவர்கள். களச் சோதனையில் வேறுவேறு மருத்துவர்கள் தனித்தனியே பேசினார்கள், அதுவும் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் இல்லாமல். நோயாளி இரண்டாம் முறை வேறு பதில் சொன்னாலும் கப்பா இறங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.